பள்ளிக்கூடக் கமிட்டி: ஆளுவது யார்? கையெழுத்துப் போடுவது யார்?

நமது நாட்டில் சர்க்கார் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் "பள்ளி மேலாண்மைக் குழு" என்பதாக ஒரு கமிட்டி இருந்து வருகின்றது. இருக்கின்றது என்று நாம் சொல்வது, சட்டத்தில் இருக்கின்றது, தீர்மானப் புத்தகத்தில் இருக்கின்றது, பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் பெயர்ப் பட்டியலில் இருக்கின்றது என்ற அர்த்தத்திலேயாகும். ஆனால் அந்தக் கமிட்டி தன்னைத் தானே நடத்திக் கொள்ளுகின்றதா, அல்லது வேறு யாரோ நடத்த அது நடக்கின்றதா என்று கேட்டால், அநேக ஊர்களில் அதன் மெம்பர்களுக்கே பதில் சொல்லத் தெரியாது. தாங்கள் அதில் மெம்பர் என்பதே தெரியாத மெம்பர்களும் உண்டு.

"சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் எழுத வேண்டிய பத்திரிகைக்குப் பள்ளிக்கூடக் கமிட்டியின் கணக்கும் தீர்மானமும் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். சாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். ஓர் ஊரில் பல தெருக்காரர்களும் ஆணும் பெண்ணுமாய் ஓர் இடத்தில் கூடி ஒரு பொதுக் காரியத்தைப் பேசித் தீர்க்கும்போதுதான் அது ஒழிந்திருக்கின்றதா இல்லையா என்பது வெளியாகும். அங்கே நாற்காலியில் உட்காருவது யார், தரையில் உட்காருவது யார், வாசற்படியில் நின்று கொண்டே "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போவது யார் என்று பார்த்தால், அந்த ஊரின் சுயமரியாதை எவ்வளவு என்பதை அளந்து விடலாம். அப்படி எல்லாத் தெருக்காரரும் ஒருங்கே உட்கார வேண்டும் என்று சட்டமே சொல்லுகின்ற இடங்கள் ஒரு கிராமத்தில் அதிகமில்லை. பள்ளிக்கூடக் கமிட்டி அதில் ஒன்று. ஆகையால் இது நமது வேலைதான்.

சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதை முதலில் பார்ப்போம். 2009ம் வருஷத்தில் செய்யப்பட்டு 2010 ஏப்ரல் 1ந் தேதி முதல் அமுலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் 21வது பிரிவுப்படி, இந்தக் கமிட்டியில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பிள்ளைகளின் பெற்றோரோ, அவர்களை வளர்ப்பவர்களோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவர்கள், நலிந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கின்றார்களோ அந்த விகிதப்படி அவர்களுடைய பெற்றோருக்கும் ஸ்தானம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் ஒழுங்காய் நடக்கின்றதா என்று கண்காணிப்பதும், பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகின்றது என்று பார்ப்பதும், பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரித்துச் சிபார்சு செய்வதும் இதன் வேலைகள். 2010ல் மத்திய சர்க்கார் செய்த விதிகள் இதற்கு மேலும் போகின்றன. தலைவரையும் உதவித் தலைவரையும் பெற்றோர்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமை உபாத்தியாயர் கூட்டத்தைக் கூட்டும் மெம்பராக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். நடவடிக்கைகளை எழுதிப் பொது ஜனங்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து வருஷா வருஷம் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்பன அவ்விதிகளில் உள்ளவை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கமிட்டியைப் புதிதாக அமைக்க வேண்டுமென்பதும் விதி.

தமிழ்நாட்டில் 2022 மார்ச்சு 20ந் தேதி சர்க்கார் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி இவற்றைச் சொன்னார்கள். அதன் பின் 20 பேர் கொண்ட கமிட்டிகள் புதிதாய் அமைக்கப்பட்டன. 2024ல் பழைய மாணாக்கர்களுக்கும் இடம் வைத்து 24 பேராக்கினார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. சர்க்கார் செய்தது என்பதற்காக நாம் குறை சொல்ல வரவில்லை.

ஆக, சட்டப்படி பார்த்தால் தலைமை உபாத்தியாயர் கூட்டத்தைக் கூட்டுகிறவரே ஒழிய தலைமை வகிக்கின்றவரல்ல. தலைமை வகிக்க வேண்டியவர் ஒரு பிள்ளையின் தாயோ தகப்பனோ ஆவார்.

நிற்க, நடப்பது என்னவென்றால், தலைவர் என்று பெயர் போட்டிருக்கும் அம்மாள் வயல் வேலையிலோ மில் வேலையிலோ இருப்பார். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை ஓடி வந்து, "அம்மா, சார் கையெழுத்துப் போட வரச் சொன்னார்" என்று சொல்லும். அந்த அம்மாள் போவார். தீர்மானம் முன்னமே எழுதியிருக்கும். "கீழ்க்கண்டவாறு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று அழகான எழுத்தில் இருக்கும். யார் மனது அந்த ஒரு மனது என்று கேட்பார் இல்லை. அந்த அம்மாள் நின்றபடியே கையெழுத்தைப் போட்டுவிட்டு, "வேற ஒன்னுமில்லைங்களே சார்" என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார். தலைவர் நிற்கின்றார், கூட்டுகிறவர் உட்கார்ந்திருக்கின்றார். சில ஊர்களில் அந்த அம்மாளும் வர வேண்டியதில்லை. அவர் புருஷன் வந்து உட்கார்ந்து கொண்டு "நான்தான் தலைவர்" என்கிறார். இன்னும் சில ஊர்களில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று முன்னமே இருந்து வரும் சங்கத்தின் தலைவரான ஊர்ப் பெரிய மனிதர் - பள்ளியில் பேரப் பிள்ளை கூட இல்லாதவர் - நடு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சபைக்கும் சேர்த்துப் பேசிவிடுகின்றார்.

இதில் தலைமை உபாத்தியாயர் மேல் மாத்திரம் பழி போடுவது யோக்கியமாகாது. இரண்டே உபாத்தியாயர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டிய பள்ளிகள் நமது நாட்டில் ஏராளம். பாடம் சொல்வதும் அவரே, சாப்பாட்டை மேற்பார்க்கின்றவரும் அவரே, கணக்கு எழுதுகின்றவரும் அவரே. மேலேயிருந்து, "இன்று மாலைக்குள் தீர்மானம் ஏற்ற வேண்டும், கூட்டத்தைப் படம் பிடித்துச் செயலியில் போட வேண்டும்" என்று உத்தரவு வந்தால், அவர் கமிட்டியைக் கூட்டுவாரா, கையெழுத்தைக் கூட்டுவாரா? கமிட்டியின் யோக்கியதையைப் படத்தில் தெரியும் தலைகளைக் கொண்டு அளக்கின்ற மேலதிகாரிகளும் இதற்கு உத்தரவாதிகளேயாவார்கள்.

ஆனால், "படிக்காத ஜனங்களுக்குப் பள்ளிக்கூட நிர்வாகம் என்ன தெரியும்?" என்று ஒரு கூட்டம் கேட்கின்றதே, அதைத்தான் நாம் ஒப்புக் கொள்ள முடியாது. இந்தக் கேள்வி புதிதல்ல. ஜனங்களுக்கு ஓட்டு என்ற காலத்தில் இதையே கேட்டார்கள். பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானித்த காலத்திலும், சொத்தை ஆளப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை ஆயிற்று. ஒரு தாய்க்குப் பாடப் புத்தகம் எழுதத் தெரியாமலிருக்கலாம். ஆனால் தன் பெண் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் திரும்பி வருவதற்குக் காரணம் கழிப்பறைக்குக் கதவு இல்லாததே என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பதும், சாப்பாட்டில் முட்டை எந்த நாளில் வரவில்லை என்பதும் அவருக்குத் தெரிகிற அளவுக்கு எந்த இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்பில்லை என்று சொல்லத் தெரியும். கமிட்டிக்கு வேண்டிய படிப்பு முக்கியமாய் அதுதான்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், சரஸ்வதி பூஜைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க வேண்டுமானால் கமிட்டியும் வேண்டியதில்லை, தீர்மானமும் வேண்டியதில்லை. ஒரே நாளில் பொரியும் கடலையும் வந்து விடுகின்றன. பொம்மைக்குப் பொரி வாங்குவதில் இருக்கின்ற அவசரம், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு போடுவதில் ஏன் இல்லை என்று நாம் கேட்கின்றோம்.

இனி, பணம் ஒருவர் கொடுத்து அதிகாரம் வேறொருவர் கையில் இருந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நமது இயக்கத்தின் சரித்திரத்திலேயே அத்தாட்சி இருக்கின்றது. சேரன்மாதேவி குருகுலம் பொது ஜனங்களுடைய பணத்தில் நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுப்பதாக ஏற்று ஐயாயிரத்தைக் கொடுத்தும் இருந்தது. நன்கொடை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனரல்லாதார். ஆனால் அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் சாப்பாடு நடந்தது. 1924லும் 1925லும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் மற்றவர்களும் இதைக் கேட்டபோது, அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சமாதானம் சொல்லப்பட்டது. அதாவது ஒன்றிரண்டு பெற்றோரின் பிரியம் நிர்வாகத்துக்குக் கட்டளையாயிற்று. மற்ற பெற்றோரின் பிரியமும் பணம் கொடுத்தவர்களின் பிரியமும் செல்லாக் காசாயின. மற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்தக் குருகுலத்தின் நிர்வாகத்தில் கேட்பதற்கு ஒரு ஸ்தானமாவது இருந்ததா? இருந்திருந்தால், தனிப் பந்தி என்ற சங்கதி வெளியே வந்து நாடெல்லாம் சண்டையாகுமுன், உள்ளேயே ஒரு கேள்வி கிளம்பியிருக்கும்.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் பெற்றோரில் பெரும்பான்மையோர் சொல்லுவதே சரி, அதுவே சுயாட்சி" என்று சிலர் தாண்டிக் குதிப்பார்கள். அவர்களுக்கு மற்றொரு சங்கதியையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கின்றது. 2018ல் திருப்பூர் ஜில்லா திருமலைக்கவுண்டம்பாளையத்தில் சர்க்கார் பள்ளிக்குச் சமையல் வேலைக்கு மாற்றலாகி வந்த அருந்ததிய வகுப்பு அம்மையார் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று மேல்சாதிப் பெற்றோர்களில் ஒரு கூட்டத்தார் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் அந்த அம்மையாரைத்தான் மாற்றினார்கள். கிளர்ச்சி கிளம்பின பிறகு அதே பள்ளிக்குத் திரும்ப அனுப்பினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கும் பதிவாயிற்று. அங்கே கத்தினவர்களும் பெற்றோர்கள்தாம். சேரன்மாதேவியில் பெற்றோர் பெயரைச் சொல்லித் தனிப் பந்தி போட்டார்கள். தொண்ணூற்று மூன்று வருஷம் கழித்துத் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் பெற்றோரே நேரில் வந்து கேட்டார்கள். இதற்கு இடையில் நாடு சுதந்திரம் அடைந்து விட்டதாகவும் சொல்லுகின்றார்கள்.

ஆகையால் கமிட்டிக்குத் தன்னைத் தானே ஆளும் அதிகாரம் வேண்டுமென்று சொல்லும்போதே, எதைக் கமிட்டி தீர்மானிக்கக் கூடாது என்பதையும் முதலில் ஒப்புக் கொள்ள வேண்டும். யார் சமைப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் எந்தக் குழாயில் தண்ணீர் குடிப்பது என்பவை ஓட்டுக்கு விடுகின்ற விஷயங்களல்ல. 24 பேரும் ஒருமித்துக் கை தூக்கினாலும் அது தீர்மானமாகாது, குற்றமாகும். சட்டம் தாழ்த்தப்பட்டவர்களின் பெற்றோருக்கு விகிதப்படி ஸ்தானம் வைத்ததும் இதற்காகத்தான். ஆனால் ஸ்தானம் வைத்து விட்டால் போதுமா? மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய பஞ்சாயத்துகளிலும் விருதுநகர் ஜில்லாவில் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் ஸ்தானம் தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று 1996ல் ஒதுக்கின பின்பு, 2006 வரை யாரையும் அதில் ஒழுங்காய் இருக்கவிடாமலே காலந் தள்ளினார்கள். ஒன்று யாரும் மனுப் போடுவதில்லை, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜிநாமாக் கொடுத்து விடுவார். பஞ்சாயத்துத் தலைமைக்கு இவ்வளவு சூழ்ச்சி செய்தவர்கள் பள்ளிக்கூடக் கமிட்டிக்கு அதுகூடச் செய்ய வேண்டியதில்லை. கூட்டத் தேதியைச் சொல்லாமல் விட்டாலே போதும்.

இந்தத் தேதி விஷயம் சிறியதாகத் தோன்றினாலும், நமது அபிப்பிராயத்தில் பாதி நோய் இதிலேயே இருக்கின்றது. கமிட்டிக்கு நேரம் வைக்கும்போது இராகு காலம் எமகண்டம் பார்க்கின்ற புத்திசாலிகள், கூலிக்குப் போன தாய் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று பார்ப்பதில்லை. பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் அவளுக்கு அரை நாள் கூலி நஷ்டம். கூலி நஷ்டப்பட்டு வந்தும் பேச இடமில்லையென்றால் அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். பிறகு "ஜனங்களுக்கு அக்கறையில்லை" என்று எழுதிக் கொள்ளலாம். கூட்டம் எந்த நாள், எத்தனை மணி என்பதைக் கமிட்டியே தீர்மானிக்கட்டும்; மேலேயிருந்து ஒரு நாளைக் குறித்தாலும், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆகின்ற நேரத்தைக் கமிட்டி எழுதிக் கேட்கட்டும். எதைப் பேசப் போகின்றோம் என்ற விவரம் நான்கு நாளைக்கு முன்னமே பள்ளி வாசலில் எழுதிப் போடப்படட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளே போய்ப் படித்துச் சொல்வார்கள், அதற்காகத்தானே படிக்கின்றார்கள்?

அடுத்தது தீர்மானப் புத்தகம். தீர்மானம் கூட்டத்திலேயே, எல்லாரும் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். எழுதினதை உரக்கப் படிக்க வேண்டும். படித்த பிறகே கையெழுத்து. ஒருவர் ஒப்பவில்லையென்றால் அதையும் எழுத வேண்டும். "ஒருமனதாக" என்ற வார்த்தையை அச்சடித்து வைத்துக் கொள்ளக் கூடாது. வெற்றுத் தாளிலும் வீட்டுத் திண்ணையிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று எல்லா மெம்பர்களும் ஒரு கட்டுப்பாடு செய்து கொண்டால், பாதி ஊழல் அன்றைக்கே செத்துப் போகும். இத்தனை பேர் வந்தாலொழியக் கூட்டம் செல்லாது என்ற கோரத்தில், இத்தனை பெண்கள் வந்தாலொழியச் செல்லாது என்பதையும் கமிட்டி தனக்குத் தானே விதித்துக் கொள்ளுவது நல்லது. மெம்பரான பெண்ணுக்குப் பதிலாக வரும் புருஷனுக்கு வெளியே மரத்தடி நிழல் இருக்கின்றது. அங்கே உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக் கொள்ளட்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரவு செலவைக் கூட்டத்தில் படிப்பது உபாத்தியாயரைச் சந்தேகிப்பது ஆகாது. யோக்கியமான உபாத்தியாயர்தான் அதை முதலில் விரும்புவார். ஏனெனில் ஊரில் அவரைப் பற்றிக் கிளம்பும் புரளிக்கு அதுவே பதில். பள்ளியில் சுவர் கட்டுகிறவரோ சாமான் விற்கிறவரோ மெம்பராக இருந்தால், அந்தக் காரியம் பேசப்படும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். உட்காருவதும் எல்லாரும் ஒரே மாதிரி. நாற்காலி போதவில்லையானால் தலைமை உபாத்தியாயர் உட்பட எல்லாரும் பாயில் உட்காரட்டும்.

உதவி பெறும் பள்ளிகளைப் பற்றிச் சிலர் நம்மைக் கேட்கின்றார்கள். 2012ல் செய்த திருத்தப்படி, சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளிலும் மற்ற உதவி பெறும் பள்ளிகளிலும் இந்தக் கமிட்டிக்கு யோசனை சொல்லும் வேலை மாத்திரம்தான். உபாத்தியாயர் சம்பளம் பொது ஜனங்களுடைய வரிப்பணத்தில். பொது ஜனங்களுக்கோ யோசனை சொல்ல மாத்திரம் உரிமை! இது நமக்குத் திருப்தியில்லை. என்றாலும், யோசனை சொல்லும் சபை என்றால் சும்மா இருக்கும் சபை என்று அர்த்தமல்ல. யோசனையை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் கேட்கலாம். பதில் வராததையே அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாகப் போடலாம். சர்க்கார் உதவி பெறாத, சம்பளம் வாங்கி நடத்தும் பள்ளிகளுக்கோ இந்தச் சட்டத்தின் கமிட்டி அறவே கிடையாது. ஆயிரக் கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்கின்ற பட்டணத்துத் தோழர்கள், சர்க்கார் பள்ளியில் பிள்ளையை வைத்திருக்கும் கூலிக்காரத் தாய்க்குத் தங்களுக்கில்லாத உரிமை சட்டத்தில் இருக்கின்றது என்பதைத் தெரிந்து கொண்டால் சரி.

வாசகத் தோழர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்த மாதமே போய்த் தீர்மானப் புத்தகத்தைக் கேட்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம். தனியாய்ப் போகாமல், பிள்ளை படிக்கும் பெற்றோர் இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து, வேறு வேறு தெருக்காரர்களாய்ப் போவது நல்லது. மரியாதையாய்க் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்து விடுவார்கள். கொடுக்காவிட்டால், 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிப் போடுங்கள். முப்பது நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கிடைத்த புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் தாய்மார்களின் வீட்டுக்குப் போய், அந்தத் தீர்மானங்களை அவர்களுக்கு ஒரு தரம் படித்துக் காட்டுங்கள்.